உழவர் வீட்டில் இரு நாள்

சனிக்கிழமை காலையில் புனே நகரை விட்டு வெளியேறும் சாலைகளைக் கவனித்தவர்கள், இந்நகரத்து இளைஞருக்கு ஊரில் இருப்புக் கொள்ளவில்லை என்பதை எளிதில் உணர்வார்கள். லோணாவளா, முள்ஷி, பான்ஷேத் ஆகிய திசைகளை நோக்கிக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரிசையாகச் செல்கின்றன. செல்பவருள் பலர் இளந்தம்பதியர். வாரத்தில் ஐந்து நாளும் ஹிஞ்சவடியிலோ கராடியிலோ கணிப்பொறியின் முன் அமர்ந்து உழைத்து, இரவில் மாடிக் குடியிருப்புக்குத் திரும்பி, கணவன் ஒரு நேரமும் மனைவி ஒரு நேரமுமாக உண்டு உறங்குகிறவர்கள் அவர்கள். அவர்கள் தேடிச் செல்வது ஆடம்பரத்தை அன்று. சிறிது பசுமை, சிறிது அமைதி, ஒருவரோடொருவர் பேசச் சிறிது அவகாசம், இவ்வளவே. நம் சங்கத்துக் குடும்பங்களின் மக்களும் மருமக்களும் அவர்களிடையே உண்டு.

அவர்களுக்குக் கிடைப்பது என்ன? பல இடங்களில் "பண்ணை வீடு" என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னே புதிதாகக் கட்டிய சிமெண்டுக் கட்டடமும், நீலநிற நீச்சல் குளமும், இரவு முழுதும் அலறும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. அங்கே பண்ணையும் இல்லை, வீடும் இல்லை.

இது ஒருபுறமிருக்க, நம்மவருள் பலருக்குத் தெரிந்த வேறொரு காட்சியும் உண்டு. தஞ்சையிலோ, நெல்லையிலோ, பாலக்காட்டிலோ பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. கட்கித் தொழிற்சாலைக்கும், தேஹு ரோட்டுக்கும், இரயில்வேக்கும் வேலை தேடி வந்த தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது. அடுத்த தலைமுறை புனேயிலேயே வீடு வாங்கிவிட்டது. ஊரிலுள்ள வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவின்போது விளக்கேறுகிறது. மற்ற நாட்களில் கறையான் குடியிருக்கிறது.

ஆள் இல்லாத வீடு ஒருபக்கம், வீடு தேடி அலையும் ஆட்கள் மறுபக்கம். இவ்விரண்டையும் இணைத்து வைக்க முடியுமா? முடியும் என்று காட்டிய நாடு பிரான்சு. நம் மகாராட்டிரத்து உழவர்களும் அவ்வழியில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த இதழில் அதைப்பற்றியே எழுத எண்ணினோம்.

பிரெஞ்சு நாட்டுப் பண்ணை வீடுகள்

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த பின் பிரெஞ்சு நாட்டுக் கிராமங்கள் விரைவாக வெறுமையடைந்தன. உழவு யந்திரங்கள் வந்தன. ஆட்களின் தேவை குறைந்தது. இளைஞர் பாரிசுக்கும் பிற நகரங்களுக்கும் சென்றனர். கற்சுவரும் கனத்த உத்தரமுமாய் நின்ற பண்ணை வீடுகள் ஆயிரக்கணக்கில் பாழடையத் தொடங்கின. அதே காலத்தில் நகரத்துத் தொழிலாளிக்கோ ஓய்வு நாள் கூடிக்கொண்டே வந்தது. 1936 இல் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை அளிக்க அந்நாட்டில் சட்டம் செய்தார்கள். 1956 இல் அது மூன்று வாரமாயிற்று. விடுமுறை கிடைத்தது; விடுதிக்குச் செலவிடப் பணம் இல்லை.

இந்நிலையில் ஆல்ப்சு மலைச்சாரலில் உள்ள பாஸ்-ஆல்ப் மாவட்டத்தைச் சேர்ந்த எமில் ஓபேர் என்னும் மேல்சபை உறுப்பினர் ஒரு வழி கண்டார். பாழாகும் வீட்டைச் செப்பனிட உழவனுக்கு உதவி செய்வது, செப்பனிட்ட பகுதியை அவன் நகரத்துக் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடுவது என்பதே அவ்வழி. 1951 இல் இத்தகைய முதல் வீடு திறக்கப்பட்டது. 1955 இல் இவ்வீடுகளுக்கென நாடு தழுவிய ஒரு கூட்டமைப்பு உருவாயிற்று. "ழீத்" என்பது அவ்வீட்டுக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயர். தங்குமிடம் என்பது பொருள்.

முழு வீட்டையும் விடாமல், தாம் குடியிருக்கும் வீட்டிலேயே ஓரிரு அறைகளை விருந்தினருக்கு அளிக்கும் வழக்கமும் பின்னர் வளர்ந்தது. இதற்கு அந்நாட்டுச் சட்டம் விதித்துள்ள வரம்புகள் நாம் கவனிக்கத்தக்கவை. ஐந்து அறைகளுக்கு மேல் கூடாது. ஒரே சமயத்தில் பதினைந்து பேருக்கு மேல் தங்கக் கூடாது. வீட்டுக்காரரே விருந்தினரை வரவேற்க வேண்டும். காலை உணவும் படுக்கை விரிப்பும் வாடகையில் அடங்கியிருக்க வேண்டும். இரவு உணவு அளிப்பதானால் குடும்பத்தார் உண்ணும் மேசையில், குடும்பத்தார் உண்ணும் உணவையே அளிக்க வேண்டும். உணவுப் பட்டியலை நீட்டி, "எது வேண்டும்?" என்று கேட்டால் அது உணவு விடுதியாகிவிடும், அதற்குரிய சட்டம் வேறு.

இவ்வரம்புகளால் விளைந்த நன்மை பெரிது. அறை ஐந்துக்கு மேல் கூடாது என்றால், வயலை அழித்து மாடி எழுப்ப ஆசை எழாது. உழவன் உழவனாகவே இருப்பான். விருந்தினர் வருமானம் அவனுக்குத் துணை வருமானமாக நிற்கும்.

பழையதைப் பழுதின்றி மாற்றுதல்

பிரெஞ்சுப் பண்ணை வீட்டை விருந்தினர் தங்கும் இடமாக மாற்றுவதில் ஒரு நுட்பம் உண்டு. பிரெத்தாஞ்ஞ் பகுதியில் வீடுகள் தாழ்வாகவும் நீளமாகவும் இருக்கும். ஒரு கோடியில் மனிதரும் மறு கோடியில் மாடுகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். குளிர்காலத்தில் மாடுகளின் உடற்சூடு மனிதருக்கும் உதவியது. தெற்கே புரொவான்ஸ் பகுதியிலோ "மிஸ்திரால்" என்னும் வாடைக்காற்று கடுமையாக வீசும். ஆகவே அங்குள்ள பண்ணை வீடுகளின் வடபுறச் சுவரில் சன்னல் வைப்பது அரிது. அந்தந்த மண்ணின் வெயிலும் காற்றும் அறிந்து கட்டிய வீடுகள் அவை. மாற்றி அமைப்பவர் இந்த அறிவைக் கெடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டடி கனமுள்ள கற்சுவரைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசினால், சுவருக்குள் ஏறும் ஈரம் தானாக வெளியேறிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரித்துவிடும். இதனைக் கற்றுக்கொள்ளச் சிலர் பெரும்பொருள் இழந்தனர். இன்று நன்கு நடத்தப்படும் வீடுகளில் பழைய மரமே பயன்படுகிறது. கூரைநீர் தொட்டிக்குச் செல்கிறது. குளியல் நீர் நாணற்படுகை வழியே வடிந்து தெளிந்து தோட்டத்துக்குப் பாய்கிறது. வைக்கோல் பரண் படுக்கையறையாகிறது. மாட்டுக் கொட்டில் கூடமாகிறது.

தம்பதியருக்கென்று தனியிடம் ஒதுக்குவதிலும் அவர்கள் கைதேர்ந்தவர்கள். முற்காலத்தில் பண்ணைக்கு ரொட்டி சுட்டெடுத்த அடுப்பு வீடு, பெரிய வீட்டினின்று சற்று விலகி நிற்கும் சிறு கட்டடம். தென்மேற்குப் பகுதியில் புறா வளர்க்கக் கட்டிய சிறு கோபுரங்களும் உண்டு. இருவர்க்கு மேல் தங்க இடமில்லாத இக்கட்டடங்களைச் செப்பனிட்டு, தனிவாயிலும் குளியலறையும் அமைத்து, தம்பதியருக்கென்றே விடுகிறார்கள். புதிதாகக் குடில் எதுவும் கட்ட வேண்டிய தேவை எழவில்லை. பயனற்றுக் கிடந்தது பயன்பட்டது. பசுமை விடுதி என்பதன் முதல் இலக்கணம் இதுவே என்று நாம் கருதுகிறோம். இருக்கும் கட்டடத்தைப் பயன்படுத்துவதைவிடச் சிக்கனமான கட்டட வேலை உலகில் இல்லை.

நம் புனே மாவட்டத்தில்

இனி நம் அருகே வருவோம். புனே மாவட்டத்துப் பாராமதி வட்டத்தில் பளஷிவாடி என்னும் ஊர் உள்ளது. அங்கே 2005 ஆம் ஆண்டு, திரு. பாண்டுரங்க் தாவரே அவர்கள் உழவுச் சுற்றுலா வளர்ச்சிக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, ஒரு பண்ணையையே மாதிரியாக நடத்திக் காட்டினார். பிறகு மாநிலத்தின் பல மாவட்டங்களிலும் உழவர்கள் இம்முறையைக் கைக்கொண்டனர். 2020 இல் மகாராட்டிர அரசு உழவுச் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. சுற்றுலா இயக்ககத்தில் இப்பண்ணைகளைப் பதிவு செய்யும் முறையும் வந்தது.

மராத்தியர் இதனை எளிதில் ஏற்றுக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. கோடை விடுமுறையில் "மாமாச்சா காவ்", அதாவது மாமன் ஊர், செல்வது அவர்களுக்கு இளமைக் கனவு. பல பண்ணைகள் இச்சொல்லையே பெயராக வைத்துக்கொண்டுள்ளன. நகரத்தில் பிறந்து, மாமனும் நகரத்திலேயே இருக்கப்பெற்ற பிள்ளைகளுக்கு உழவர் ஒருவர் இரண்டு நாள் மாமனாகிறார். தாய்மாமன் உறவைத் தமிழரைவிட நன்கறிந்தவர் யார்? ஆகவே இக்கருத்து நமக்கும் அந்நியமானதன்று.

பண்ணையில் நடப்பது என்ன? காலையில் பால் கறப்பதைக் காணலாம். சோளரொட்டியும் பிட்லாவும் மிளகாய்த் தேச்சாவும் உண்ணலாம். கரும்பு வயலிலும் மாதுளைத் தோட்டத்திலும் உலவலாம். மார்கழி, தை மாதங்களில் சென்றால் "ஹுர்டா" கிடைக்கும். பால் பிடித்து முற்றாத இளஞ்சோளக் கதிரை வரட்டித் தணலில் வாட்டி, சூட்டோடு உள்ளங்கையில் கசக்கி உதிர்த்து, நிலக்கடலைச் சட்னியும் வெல்லமும் சேர்த்து உண்பது அது. கதிர் அந்தப் பதத்தில் நிற்பது சில நாட்களே. பறித்த கதிரை வெகுதூரம் கொண்டு செல்லவும் இயலாது. வயலுக்குப் போனவர்க்கே அதன் சுவை முழுதும் கிட்டும். நகரத்து விடுதி எவ்வளவு பணம் வாங்கினாலும் தர இயலாத பொருள் கிராமத்தில் உண்டு என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

உழவர்க்கு இதனால் என்ன பயன்? கரும்பு போட்டவனுக்கு ஆலைப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் தவணை தவணையாக வருகிறது. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. விருந்தினர் பணமோ வாரந்தோறும் கைக்கு வருகிறது. கடைக்காரனிடம் கைநீட்டாமல் மளிகை வாங்கலாம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வட்டிக்காரனிடம் போகாமல் இருக்கலாம். ஓடு உடைந்தால் உடனே மாற்றலாம். பழைய வீடு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்தக் கடைசிச் செலவைப் பொறுத்தே இருக்கிறது.

புனேயைச் சுற்றியுள்ள பழைய உழவர் வீடுகளும் கவனத்துக்குரியவை. மேற்கே மாவள் பகுதியில் மழை மிகுதி. ஆகவே சாய்ந்த ஓட்டுக்கூரை. கிழக்கே வறண்ட பகுதியில் மரச்சட்டங்களின்மேல் மண் பரப்பிய தட்டைக் கூரை வீடுகள் உண்டு. சுவர்கள் கருங்கல்லாலும் வெண்களிமண்ணாலும் ஆனவை. வீட்டு முகப்பில் "ஓஸ்ரீ" என்னும் மேடைத் தாழ்வாரம் இருக்கும். அது நம் திண்ணையின் உடன்பிறப்பு. நடுவில் "மாஜ்கர்" என்னும் உள்கூடம், பக்கத்தில் "கோட்டா" என்னும் மாட்டுத் தொழுவம். இத்தகைய வீட்டில் நண்பகல் வெயிலிலும் மின்விசிறியின்றி இருக்க முடியும். அந்தக் கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டு, பின் சூடு தாங்காமல் குளிர்சாதனம் பொருத்துவது எவ்வகைச் சிக்கனம் என்பது நமக்கு விளங்கவில்லை.

பசுமை என்பது கணக்கு

"பசுமை விடுதி" என்று எவர் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். உண்மையா என்பதைத் தண்ணீர்க் கணக்கைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

பாராமதிப் பகுதியில் ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர். லோணாவளாவில் அது 4,000 மில்லிமீட்டருக்கு மேல். நூறு சதுர மீட்டர் கூரையில் 500 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 லிட்டர் நீர் விழும். சிந்தியது, ஆவியானது போக 40,000 லிட்டர் தொட்டிக்கு வரும் என்று கொள்வோம். நம் நாட்டு நகரங்களில் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்குரிய அளவு. அவ்வளவில் தம்பதியர் இருவருக்கு 270 லிட்டர். ஆக, ஒரு கூரை நீர் ஒரு தம்பதிக்கு ஏறக்குறைய 148 நாளுக்குப் போதும். ஓர் அறைக்கு இக்கணக்குச் சரி. இருபது அறையும் நீச்சல் குளமும் வைத்தால் மீதி நீர் எங்கிருந்து வரும்? பக்கத்து உழவனின் கிணற்றிலிருந்துதான் வரும். மேலே சொன்ன பிரெஞ்சு நாட்டு ஐந்தறை வரம்பு நம் வறண்ட பூமிக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்துகிறது.

விருந்தினருக்கும் இதிற் பங்குண்டு. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் பொழியும் தூவற்குழாயின்கீழ்ப் பத்து நிமிடம் நின்றால் நூறு லிட்டர் செலவாகிறது. ஒரு வாளியும் சொம்பும் கொண்டு இருபது லிட்டரில் செவ்வையாகக் குளித்தெழுந்தவர்கள் நம் பாட்டன்மார்.

கழிவுக்கு வழி காண நாம் பிரான்சு வரை செல்ல வேண்டியதில்லை. துகாராம் மகராஜ் பிறந்த தேஹுவுக்கு 1959 இல் மருத்துவராக வந்த டாக்டர் மாபுஸ்கர், ஊர்மக்களைக் கழிப்பறை கட்டச் செய்வதையே வாழ்நாட்பணியாகக் கொண்டார். கழிவிலிருந்து சமையல் எரிவாயு எடுக்கும் சாதனங்களையும் அங்கே நிலைபெறச் செய்தார். அவர் மறைந்த பின் 2017 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. புனேயைச் சேர்ந்த டாக்டர் ஆனந்த் கர்வே நிறுவிய கிராமியத் தொழில்நுட்ப நிறுவனமான "ஆர்ட்டி", சமையலறைக் கழிவைக் கொண்டு எரிவாயு தரும் சிறு கலத்தை அமைத்து, 2006 இல் இலண்டனில் ஆஷ்டன் விருது பெற்றது. மாட்டுச் சாணம் உள்ள பண்ணையில் எரிவாயுக் கலம் வைப்பது இன்னும் எளிது. விருந்தினர் உண்ட இலையும் எச்சிலும் மறுநாள் அவர்களுக்கே தேநீர் காய்ச்சும் நெருப்பாகலாம்.

சோற்றை விற்பதா?

நம் மூத்த வாசகர்கள் சிலர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். "வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறிட்டுக் காசு வாங்குவதா? அது நம் மரபுக்கு அடுக்குமா?" என்பார்கள். இந்த உணர்ச்சியை நாம் இகழ மாட்டோம். விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். சோறு விற்பதை இழிவாகக் கருதிய கிராமங்கள் தமிழ்நாட்டில் அண்மைக் காலம் வரை இருந்தன. மராத்தி உழவருக்கும் இவ்வுணர்ச்சி உண்டு. ஆண்டுதோறும் தேஹுவிலிருந்து பண்டரிபுரம் செல்லும் துகாராம் பல்லக்கு பாராமதி வழியே செல்கிறது. அப்போது உடன்வரும் வார்க்கரி அடியார்களுக்கு உணவளிப்பதை வழியோரத்தார் பெரும் பேறாகக் கருதுகிறார்கள். அதற்கு எவரும் விலை கேட்பதில்லை.

ஆனால் அடியாரும் ஓய்வு நாடி வருபவரும் ஒருவரல்லர். பழந்தமிழில் "விருந்து" என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். புதியவராய் வந்தவரே விருந்தினர். பசித்து வந்த புதியவருக்கு இடுவது அறம். வசதியுள்ள புதியவர் தமக்கு இன்பம் வேண்டித் தங்கும்போது, அவ்வீட்டின் கூரைக்கும் அவ்வீட்டாரின் உழைப்புக்கும் ஈடு தருவது நேர்மை. ஈடு தாராமல் உழவன் வீட்டில் இரண்டு நாள் தங்கிச் செல்வது உறவு கொண்டாடுவதாகாது, அவன்மேற் சுமையேற்றுவதாகும்.

இவ்விடத்தில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இருபது ரொட்டி தட்டுபவரும், அறை பெருக்குபவரும், விரிப்புத் துவைப்பவரும் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்கள். பணம் வாங்குபவரோ ஆண்கள். விருந்தினர் வருமானம் அப்பெண்ணின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குச் சேருமானால், அந்த வீடு நெடுங்காலம் நல்ல முறையில் நடக்கும். அவள் சலித்துப்போனால் அன்றோடு முடிந்தது. பெயர்ப்பலகையும் விளம்பரமும் அதனைக் காப்பாற்ற மாட்டா.

செல்லுமுன் கேட்க வேண்டியவை

ஆகவே, இரண்டு நாள் ஓய்வு நாடும் நம் இளந்தம்பதியர், முன்பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கட்டும்.

முதலாவது, வீட்டுக்கு உரியவர் அங்கேயே குடியிருக்கிறாரா?

இரண்டாவது, இப்பருவத்தில் நிலத்தில் என்ன விளைகிறது? இதற்கு உடனே விடை வரவில்லையானால் அது பண்ணையன்று.

மூன்றாவது, எத்தனை அறைகள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நான்காவது, அறைக்கு உள்தாழ்ப்பாளும் தனிக் குளியலறையும் உண்டா?

கடைசிக் கேள்வியை அற்பமென்று எண்ண வேண்டா. நம் கிராமத்தாரின் அன்பு கதவு தட்டாமல் உள்ளே வரும் அன்பு. தனிமை வேண்டி வந்தவர்க்கு அது சங்கடம். வேண்டும்போது அருகிலும் வேண்டாதபோது தொலைவிலும் இருப்பது விருந்தளிப்போர் கற்க வேண்டிய கலை. ரொட்டி அடுப்பு வீட்டைத் தம்பதியருக்கு ஒதுக்கிய பிரெஞ்சு உழவர் அதனை நன்கறிந்தவர். விருந்தினரும் தம் பங்குக்கு, வயலில் வேலை செய்வோரைக் கேளாமல் படம் எடுக்காமலும், இரவில் இரைச்சல் செய்யாமலும், பிளாஸ்டிக் பாட்டில்களை வரப்பில் எறியாமலும் இருத்தல் வேண்டும்.

நம் ஊர் வீடு

இனி, இக்கட்டுரையின் கருத்துக்கு வருகிறோம். புனேக்கு அருகில் தாமே நிலம் வாங்கிப் பண்ணை வீடு கட்டலாம் என்று நம்மவருள் சிலர் எண்ணுகிறார்கள். மகாராட்டிரத்தில் 1948 ஆம் ஆண்டுக் குத்தகை மற்றும் விளைநிலச் சட்டத்தின்படி, உழவர் அல்லாதார் தக்க அனுமதியின்றி விளைநிலம் வாங்க இயலாது. தரகர் சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்டலாகாது. அன்றியும், இல்லாத வீட்டைக் கட்டுவதற்கு முன், இருக்கும் வீட்டை நினைத்துப் பார்ப்பது முறையல்லவா?

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. செட்டிநாட்டில் காரைக்குடியின் "பங்களா" 1999 முதல் விருந்தினரை ஏற்று வருகிறது. கானாடுகாத்தானில் "விசாலம்" என்னும் மாளிகை விடுதியாகியிருக்கிறது. கொத்தமங்கலத்தில் பாழடையவிருந்த ஒரு நகரத்தார் வீட்டைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவரே செப்பனிட்டு, "சாரதா விலாசம்" என்று விருந்தினர் இல்லமாக்கினர். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பிரெஞ்சுக்காரர் கண்ணுக்குப் புலப்பட்ட அழகு நம் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாமா?

அவை மாளிகைகள், நம்முடையவை சிறு வீடுகள் என்பீர்கள். ஆம். ஆனால் ஒரு தம்பதி தங்க மாளிகை வேண்டுவதில்லை. திண்ணையும், ரேழியும், முற்றமும், கிணற்றடியும் உள்ள வீட்டில் ஓர் அறையைச் செப்பனிட்டால் போதும். உண்மையான தடைகள் வேறு. முதல் தடை பங்காளிகள். பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கும். பங்குதாரர் புனேயில் ஒருவரும், சென்னையில் இருவரும், அமெரிக்காவில் ஒருவருமாக இருப்பார்கள். அவர்கள் ஒன்றுகூடி எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளாமல் ஓர் ஓட்டைக்கூட மாற்ற முடியாது. இரண்டாவது தடை ஆள். ஊரில் குடியிருந்து விளக்கேற்றிச் சமைத்துப் போட ஒரு குடும்பம் இல்லாமல் விருந்தினர் இல்லம் நடவாது. பக்கத்து வீட்டு உழவர் குடும்பத்துக்கு வருமானத்தில் நியாயமான பங்கு கொடுத்து அமர்த்துவதே சாலச் சிறந்தது. கூலிக்குக் காவல்காரனை வைத்தால் வீடு மீண்டும் பூட்டிய வீடாகவே இருக்கும். சுற்றுலாத் துறைப் பதிவு, உள்ளாட்சி அனுமதி, வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துள் அரசுக்குத் தெரிவித்தல் முதலிய கடமைகளும் உண்டு. அவற்றைத் தெரிந்து செய்தால் துன்பமில்லை.

எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. கோயிலோ, ஆறோ, மலையோ, விளையும் வயலோ அருகில் இல்லாத ஊருக்கு விருந்தினர் வாரார். சுவரே சாய்ந்துவிட்ட வீட்டைத் தூக்கி நிறுத்தும் செலவை வாடகை ஈடு செய்யாது. ஆனால் கூரை இன்னும் நிற்கும் வீடுகளின் நிலை வேறு. ஓடு சரிந்த இடத்தில் நீர் இறங்கும்; உத்தரம் உளுக்கும்; நாலைந்து மழைக்காலத்தில் சுவர் கரையும். அதற்குப் பின் விற்பதற்கும் மனை மட்டுமே மிஞ்சும். எனவே முடிவு எதுவாயினும் காலத்தே செய்யவேண்டியது.

வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள், கோயிலுக்குச் சென்று திரும்பும் வழியில் வீட்டுக் கதவைத் திறந்து, ஒரு கொத்தனாரையும் தச்சரையும் அழைத்துக் கூரையைப் பார்க்கச் செய்யுங்கள். பங்காளிகளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் மக்களும் மருமக்களும் முதலில் பாராமதிப் பக்கத்தில் ஏதேனும் ஓர் உழவர் வீட்டில் இரண்டு நாள் தங்கி, அங்கே என்ன நடக்கிறது, எவ்வளவு செலவாகிறது, வீட்டுப் பெண்கள் என்ன சொல்லுகிறார்கள் என்பதைக் கேட்டு வரட்டும். அவர்கள் கண்டு வந்ததைச் சங்கக் கூட்டத்தில் எடுத்துரைத்தால் பலருக்கும் பயன்படும்.